நின்றபடி சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

கன்டோன்மென்ட் பக்கம் என் வயதில் வளர்ந்தவர்களுக்கு நான் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மார்க்கெட் வாசலில் பூவும் மீனும் கலந்து வரும் வாடையைத் தாண்டி, கமர்ஷியல் ஸ்ட்ரீட் முனைக்கு வந்துவிட்டால் நம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கிவிடும். வாங்குகிறோமோ இல்லையோ, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்போம். வளையல் கடையில் நிற்போம். செருப்புக் கடையில் காலை நுழைத்துப் பார்த்துவிட்டு, "கடிக்குது" என்று பொய் சொல்லி வெளியே வருவோம். பேக்கரியில் தேன் கேக், இல்லாவிட்டால் காரா பன். இன்னும் கொஞ்சம் வசதி இருந்தால் கப்பன் பார்க் குட்டி ரயில். சொல்லும்போதே உங்களில் பாதிப் பேர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

எனக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வருவதில்லை. இன்றைக்கு என் மகள் போனைத் தடவிக்கொண்டே, "அம்மா, உன் ஃபேவரிட் இடம் எது, அங்கயே போலாம்" என்று கேட்கிறாள். எதைச் சொல்வது என்று தெரியாமல், "எங்கன்னாலும் சரி, சீக்கிரம் வீடு வந்து சேரணும்" என்கிறேன். அவளுக்குக் கோபம் வருகிறது. எனக்கு அந்த இடங்கள் எல்லாமே ஒரே ஒரு மழைக்காலத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அத்தைக்குப் பூ வைத்த மழைக்காலம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் வளர்த்தார். தனக்குக் கல்யாணமாகி நான் பிறந்த பிறகும் அவளைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். பிரேசர் டவுனில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அத்தை துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கும் பிரிவில் இருந்தாள். சாயங்காலம் வரும்போது அவள் தலைமுடியில் நூல் பிசிறுகள் ஒட்டியிருக்கும். நான்தான் பிரித்து எடுப்பேன்.

அப்பா ஒரு பழைய கிளப்பில் சாப்பாடு பரிமாறும் பேரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பித்தளைப் பட்டன், இடுப்பில் பச்சை நிறப் பட்டை. பெரிய மனிதர்கள் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும் வரை சுவரோரமாக நிற்க வேண்டும். அவர்கள் போன பிறகு சமையற்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே தன் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொள்வார். அங்கே பேரர்கள் உட்காரக்கூடாது. இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. அம்மாதான் பிற்காலத்தில் சொன்னாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் அவர் போட்டிருந்த சட்டம்தான். தண்ணீர் குடிப்பதாக இருந்தாலும் உட்கார்ந்து குடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் நின்றபடி ஒரு வாய் இட்லியைப் பிய்த்தால், "உக்காருடி, உன்னை யாரு தொரத்தறாங்க?" என்று அதட்டுவார். மற்றபடி சத்தம் போடாத மனுஷன்.

அத்தைக்குப் பார்த்த மாப்பிள்ளை தர்மபுரிக்காரர். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்று சொன்னாலே நம் தெருவில் வாயைப் பிளப்பார்கள் இல்லையா, அந்தப் பெட்டிகளைப் பொருத்திக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. லிங்கராஜபுரத்தில் நாலைந்து பையன்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். ஊரில் அம்மா மட்டும். தரகர் கொண்டுவந்த இடம். பெண் பார்த்தார்கள், பிடித்தது, புடவை கொடுத்து அத்தை தலையில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். நிச்சயதார்த்தம் தை மாதம் என்று பேச்சு.

பூ வைத்துவிட்டால் பையனும் பெண்ணும் வெளியே போய் வரலாம் என்பது எங்கள் ஜனத்தில் அப்போதுதான் மெல்ல வந்திருந்த பழக்கம். ஆனால் தனியாக இல்லை. கூட ஒரு வாண்டு போக வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே வாண்டு நான்.

துணைக்கு அனுப்ப என்னைவிட மோசமான ஆளைத் தேடினாலும் கிடைத்திருக்காது. நான் அப்போதும் பயந்தாங்கொள்ளி, இப்போதும் அப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி. கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தும் எழுந்து நின்றால் வாய் வராது என்ற பயத்திலேயே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ரோட்டைத் தாண்டும்போது அழுவேன். கூட்டத்தில் தொலைந்துவிடுவேனோ என்று அத்தையின் கையை நகம் பதியப் பிடித்துக்கொள்வேன். அவர்கள் இரண்டு பேரும் எனக்குத் துணையாக வந்தார்கள் என்று சொல்வதுதான் சரி.

"உங்க அண்ணன் மவ உங்களைக் காவல் காக்க வந்திருக்குதா, நம்மளைக் காவலுக்கு வெச்சிருக்குதா?" என்று அவர் கேட்பார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நான் அவரை அதற்குள் மாமா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

அல்சூர் ஏரியில் படகுக்காக வரிசையில் நின்றுவிட்டு, கவிழ்ந்துவிடும் என்று நான் கத்தியதால் திரும்பி வந்தோம். அவர் முகம் சுளிக்கவில்லை. கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக் கொடுத்தார். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் அத்தைக்குக் கண்ணாடி பதித்த துணிப்பை ஒன்று வாங்கிக் கொடுத்தார். குஜராத்திப் பெண்கள் தோளில் மாட்டுவது போல நீளப் பட்டை. அதை மாட்டிக்கொண்டு அத்தை நடந்தால் வெயில் அதில் பட்டு எதிர்க் கடைப் பலகைகளில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஓடும். எனக்கு ஒரு பிளாஸ்டிக் பைனாகுலர். அதன் வழியாகப் பார்த்தால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். ஆனாலும் கண்ணிலிருந்து எடுக்கவே மாட்டேன். எப்போது எங்கே தொலைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களை ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததுமே சர்வர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃபேமிலி ரூம் இந்தப் பக்கம்" என்று நடந்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள், பாதிக் கதவு, அழுக்குப் பச்சைத் திரை. உள்ளே உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. அத்தையின் விரல்கள் என் கைக்குள் இறுகின. அவர் அந்தத் திரையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"வேணாங்க" என்று சர்வரிடம் சொன்னார். "நாங்க வெளியவே உக்காந்துக்கறோம்."

"லேடீஸ் வெளிய உக்கார்றதில்ல சார்."

"அப்ப நாங்க கெளம்பறோம்."

வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மருந்துக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். "திரைக்குப் பின்னாடி உக்கார வெச்சு சோறு போட எனக்கு மனசு வரலங்க. நாலு பேரு பாக்கற எடத்துல சாப்பிடலாம். நம்ம என்ன தப்பா பண்றோம்?" என்றார்.  அத்தையின் பிடி தளர்ந்ததை என் கை உணர்ந்தது.

மழை விட்டதும் பஸ் ஏறி லிங்கராஜபுரம் பக்கம் போனோம். புதிதாக வந்திருந்த நின்று சாப்பிடும் ஹோட்டல் ஒன்று. இப்போது தெருவுக்கு நாலு இருக்கிறது, அப்போது எங்களுக்குப் புதுசு. முன்னாலேயே காசு கட்டி டோக்கன் வாங்க வேண்டும். நெஞ்சு உயரத்துக்கு வட்டமான ஸ்டீல் மேசைகள், நாற்காலி என்ற பேச்சே கிடையாது. உள்ளே காபி டிகாக்‌ஷனும் ஈரச் சட்டைகளும் கலந்த ஒரு வாசனை. சட்னி வாளியோடு ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தார். ஆபீஸ் போகிறவர்கள், காலேஜ் பெண்கள், ஆட்டோக்காரர், நகை போட்ட மாமிகள், எல்லோரும் தோளோடு தோள் உரசாத குறையாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கல்லாவில் இருந்தவர் மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "ஏனு சார், மனெயவ்ரா?" என்றார். வீட்டுக்காரம்மாவா என்று கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது. "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்று தமிழிலேயே சொல்லி, மாமா வெட்கத்தில் நெளிந்தார்.

மேசை என் நெற்றிக்கு மேலே இருந்தது. தட்டு எட்டவில்லை. உடனே எனக்குப் பயம். கீழே விழும், எல்லோரும் திட்டுவார்கள். மாமா என் தட்டைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, குனிந்து, என் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டார். "சாப்பிடு, மேசை நகராது" என்றார். நான் காரா பாத் என்கிற உப்புமாவையும் கேசரி பாத்தையும் தின்று முடிக்கும் வரை அப்படியே பிடித்திருந்தார். அவருடைய இட்லி ஆறிப்போனது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மாமா ஒரு காபியை இரண்டாகப் பிரித்து வாங்கினார், பை டூ என்று. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றார்கள். ஆயிரம் பேர் பார்க்க, வெளிச்சத்தில். அத்தை அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, அன்றைக்கு ஓய்வு நாள் என்பதால் அப்பா தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, எங்க போனீங்க? எங்க சாப்ட்டீங்க?" என்று கேட்டார். ஆசையாகத்தான் கேட்டார்.

"சூப்பர்ணா! புதுசா ஒரு கடைண்ணா. மேசை இங்க வரைக்கும் இருக்குது. எல்லாரும் நின்னுக்கிட்டே சாப்பிடறாங்க. நாங்களும் நின்னுக்கிட்டே..."

"நின்னுக்கிட்டா?"

"ஆமாண்ணா. ஒரு காபிய பை டூ போட்டு..."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "உக்கார எடமில்லாத எடத்துக்கா உன்னைக் கூட்டினு போனான்?"

"இப்ப அதான் ஸ்டைலுண்ணா."

"பூ வெச்ச பொண்ணு. நாளைக்கு அவன் வீட்டுக்குப் போயி வாழப்போறவ. நடு ரோட்டுல நிக்க வெச்சு, பாதி டம்ளர் காபி குடுத்து அனுப்பியிருக்கான்."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அய்ய, ஆபீஸருங்ககூட அங்க நின்னுதான் தின்றாங்களாம். நீங்க வேற" என்றாள்.

"ஆபீஸரு போயி நின்னா அது ஸ்டைலு. நம்ம போயி நின்னா, நம்ம நிக்கறவங்கதான்."

அத்தைக்கு அப்போதுதான் விஷயம் விளையாட்டில்லை என்று புரிந்தது. தோளிலிருந்து பையைக் கழற்றாமல் அங்கேயே நின்றாள். "நான் உக்காரணும்னு கேக்கலண்ணா" என்றாள் மெதுவாக.

"நீ கேக்க மாட்டே. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

ஹோட்டல் திரையைப் பற்றி அத்தை சொல்லப் பார்த்தாள். ஆனால் அந்தத் திரைவரை போனதாகச் சொன்னால் அண்ணன் என்ன நினைப்பாரோ என்று வாய் அடைத்துக்கொண்டது. அவள் "அந்த ஹோட்டல்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தியதும், அப்பா "போதும்" என்று கையைக் காட்டியதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரமே தரகர் வந்தார். அப்பா அவரை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பூ வைத்தபோது வந்த புடவை, வெள்ளித் தட்டு, எல்லாம் திரும்பிப் போயின. கண்ணாடிப் பையும் போக வேண்டும் என்றார் அப்பா. அத்தை அதைத் தலைகீழாக உதறினாள். ஒரு சீப்பும் ரிப்பன் துண்டும் விழுந்தன. மடித்துக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு, நடக்கும்போது அவள் கை தானாகத் தோளுக்குப் போகும், இல்லாத பட்டையைச் சரிசெய்ய.

அப்பா கெட்டவரில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த சம்பளத்தில் எங்கள் எல்லோரையும் ஒரு நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்த இடம். சர்வர் வருவதற்குள் அவரே நாற்காலியை இழுத்து, கிளப்பில் பெரிய வீட்டு அம்மாக்களுக்குச் செய்வது போல, முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டு, "உக்காரு பாப்பா" என்றார். அத்தை உட்கார்ந்தாள். "என்னா வேணும், சொல்லு. எதுவானாலும் சொல்லு."

"நீங்களே சொல்லுங்கண்ணா."

வந்ததை எல்லாம் சாப்பிட்டாள். "நல்லாருக்குதாம்மா?" என்று அப்பா இரண்டு மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும், "நல்லாருக்குதுண்ணா" என்றாள். அப்பாவின் முகத்தில் அவ்வளவு திருப்தி. தன் தங்கையை உட்கார வைத்துவிட்டார்.

பூ வைத்து முறிந்த பெண்ணுக்கு இடம் வருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். வந்தவர்கள் முதலில் அதைத்தான் கேட்டார்கள். ஏன் நின்றுபோனது, யார் மேல் தப்பு. அப்பா ஏதோ சொல்வார், அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச காலத்துக்குப் பிறகு வருவதும் நின்றது. நின்று சாப்பிடும் கடைகள் எங்கள் தெருமுனைக்கே வந்துவிட்டன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா எதிர்ப்பக்க நடைபாதைக்குத் தாண்டிவிடுவார். "உங்கப்பாவுக்குப் புரிஞ்சுபோச்சு, வாயத் தொறக்க மாட்டாரு" என்று அம்மா ஒரு தடவை சொன்னாள்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். புதுக் கடைகள், மாடியில் லிஃப்ட், ஏ.சி. எல்லாம் வந்துவிட்ட காலம். ஒரு மத்தியானம் ஒரு குடும்பம் வந்தது. கணவர், மனைவி, பாவாடை போட்ட சின்னப் பெண். புதுமனை புகுவிழாவுக்குப் புடவை வேண்டுமாம். அந்த அம்மா அடுத்த கவுன்டருக்கு நகர்ந்தார். கணவர் என் முன்னால் கிடந்த புடவையைத் தொட்டு, "இது துவைச்சா சாயம் போவுமாங்க?" என்று கேட்டார். முகம் ஊதியிருந்தது. குரல் அதே குரல்.

"மாமா" என்று வாயில் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.  "அட, ரோடு தாண்டறதுக்கு அழுவியே, அந்தப் பொண்ணா நீ?"

"ஆமாங்க."

"அவங்க நல்லாருக்காங்களா?"

"இருக்காங்க."

"எத்தினி பசங்க?"

"கல்யாணம் ஆவலீங்க."

அவர் புடவையை மடிக்கத் தொடங்கினார். அது என் வேலை, ஆனால் அவர் மடித்தார். "அப்பவே வேணாம்னுட்டாங்க. கல்யாணமே வேணாம்னு இருந்தாங்களோ என்னமோ. அன்னிக்கு சிரிச்சுப் பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க. எனக்குப் புரியவே இல்ல."

"யாரு வேணாம்னது?"

"உங்க அத்தைதான். தரகரு வந்து சொன்னாரே. பொண்ணுக்கு உங்களைப் பிடிக்கலயாம், கட்டாயப்படுத்த வேணாம்னு. கறுப்பா இருக்கேன், அதுதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

 சொல்லலாமா, கூடாதா, முதலாளி பார்ப்பாரா, அந்த அம்மா திரும்புவாரா என்று எல்லாப் பயமும் ஒன்றாக வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். "அத்தை அப்படிச் சொல்லவே இல்லீங்க. நின்னுக்கிட்டு சாப்பிட வெச்சீங்கன்னு அப்பாவுக்குக் கோவம். அவ்ளோதான்."

அவர் சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"அதுக்கா?"

நான் தலையாட்டினேன்.

"அது நான் தினம் சாப்பிடற கடைம்மா. ஊரை விட்டு வந்து, சமைக்கத் தெரியாம, மூணு வேளையும் அங்கதான். கல்லாக்காரருதான் எனக்கு இங்க சொந்தம் மாதிரி. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதா நெனச்சுத்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்."

"ஏங்க, இந்தக் கலரைப் பாருங்க" என்று அடுத்த கவுன்டரிலிருந்து குரல் வந்தது. அவர் மடித்த புடவையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். போகும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு முழங்கால் போய் இரண்டு வருஷமாகப் படுக்கைதான். அத்தைதான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்தேன். முடியவில்லை.

"அத்தை, இன்னிக்குக் கடையில தர்மபுரிக்காரரைப் பாத்தேன்."

கத்தி நின்றது. "யாரோட வந்தாரு?"

"பொண்டாட்டி, ஒரு பொண்ணு."

"எப்பிடி இருக்காரு?"

"குண்டாயிட்டாரு. முன்னாடி முடி இல்ல."

"நல்லா வேணும்" என்று சிரித்தாள். பழைய சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்த தைரியத்தில் மீதியையும் சொன்னேன். தரகர் போய் என்ன சொன்னார் என்பதையும், அவர் இத்தனை காலமும் அதை நம்பிக்கொண்டிருந்தார் என்பதையும்.

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். "நான் வேணாம்னு சொன்னேன்னா?"

"ம்."

"எனக்குப் பிடிக்கலன்னா?"

"அப்படி இல்லைன்னு நான் சொல்லிட்டேன் அத்தை."

"நம்புனாரா?"

"நம்புனாருன்னுதான் தோணுது."

"தோணுதா, இல்ல நம்புனாரா? சரியாச் சொல்லுடி."

"நம்புனாரு அத்தை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. என்னவோ கேட்க வாயெடுத்தாள். அப்போது தொங்கிக்கொண்டிருந்த புடவைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அத்தை சட்டென்று என் கையைப் பிடித்து அழுத்தி, தலையை அந்தப் பக்கம் ஆட்டிக் காட்டினாள்.

"மெதுவா பேசு" என்றாள். "அண்ணனுக்குக் கேட்டுடப் போவுது."